பாக்கெட்டின் பெயரும் பள்ளத்தாக்கின் பெயரும்

(கம்பத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உணவு நிறுவனங்களின் நற்பெயரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். பெரிய நிறுவனங்களின் வழக்கு, சர்ச்சை, பங்குச் சந்தைச் சரிவு எல்லாம் டெல்லி, மும்பை சமாச்சாரம்; கம்பத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. விடியுமுன் கம்பம் மெட்டு வழியாக வண்டன்மேட்டுக்கும் நெடுங்கண்டத்துக்கும் ஜீப்பில் ஏறிப் போகிறவர்களின் கூலியும், சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தல் போட்டிருப்பவர்களின் வருமானமும், எங்கோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு கட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர் விழுந்தால் முதலில் அடிபடுவது யார், அது எழுந்தால் கூடவே எழுவது யார் என்பதுதான் இன்றைக்கு என் கேள்வி.

எல்லாருக்கும் நினைவிருக்கும் கதையிலிருந்து தொடங்குகிறேன். 2014-இல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் ஓர் உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடையிலிருந்து மேகி நூடுல்ஸ் பாக்கெட்டை மாதிரியாக எடுத்தார். பாக்கெட்டின் மேல் மோனோசோடியம் குளுட்டமேட் சேர்க்கப்படவில்லை என்ற வாசகம் இருந்தது. அது உண்மையா என்று பார்ப்பதற்குத்தான் சோதனை. மாதிரி கொல்கத்தா மத்திய ஆய்வகம் வரை போனது. அங்கிருந்து வந்த அறிக்கையில் யாரும் எதிர்பாராத ஒன்று இருந்தது: ஈயம், பத்து லட்சத்தில் 17.2 பங்கு. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5.

செய்தி 2015 மே மாதம் நாடெங்கும் பரவியது. நெஸ்லே நிறுவனம் என்ன செய்தது? தன் பொருள் பாதுகாப்பானது என்று அறிக்கை விட்டது. குளுட்டமேட் நாங்கள் சேர்க்கவில்லை, நிலக்கடலைப் புரதம் போன்ற சேர்மானங்களில் அது இயற்கையாகவே இருக்கிறது என்று விளக்கியது. அறிவியல்படி அந்த விளக்கம் தவறில்லை. ஆனால் பிள்ளைக்கு நூடுல்ஸ் செய்து கொடுத்த தாய் கேட்டது அந்தக் கேள்வி இல்லை. இதில் ஈயம் இருக்கிறதா இல்லையா, நான் இதைக் குப்பையில் போடவா வேண்டாமா என்றுதான் கேட்டாள். அதற்கு நேரான பதில் வரவில்லை. பதில் வராத அந்த நாட்களில்தான் மாநிலம் மாநிலமாகத் தடை விழுந்தது. தமிழ்நாடு ஜூன் 4 அன்று மேகியோடு வேறு மூன்று நூடுல்ஸ்களையும் சேர்த்து மூன்று மாதங்களுக்குத் தடை செய்தது. அடுத்த நாள், ஜூன் 5 அன்று, நிறுவனத்தின் உலகத் தலைமை அதிகாரி பால் புல்க்கே டெல்லிக்கு வந்து, பொருளைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அதே நாளில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒன்பது வகை மேகிக்கும் தடை உத்தரவு போட்டது.

அதன் பிறகு நடந்தது நம் நாட்டு வணிக வரலாற்றில் அதுவரை பார்த்திராத அழிப்பு. கடைகளிலிருந்தும் கிடங்குகளிலிருந்தும் 30,000 டன்னுக்கு மேல் நூடுல்ஸ் திரும்ப எடுக்கப்பட்டு, சிமென்ட் ஆலைகளின் சூளைகளில் எரிக்கப்பட்டது. நூடுல்ஸ் சந்தையில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கையில் வைத்திருந்த பொருள் ஒரே மாதத்தில் பூஜ்யமானது. அந்தக் காலாண்டில் நெஸ்லே இந்தியா 64 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டக் கணக்குக் காட்டியது.

ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் தடை விதித்தது இயற்கை நீதிக்கு விரோதம் என்றது. சோதனை செய்த ஆய்வகங்கள் அதற்குரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்றது. புதிதாக மூன்று ஆய்வகங்களில் சோதிக்கச் சொன்னது. அந்த மூன்றிலும் ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. நவம்பர் 9 அன்று மேகி கடைக்குத் திரும்பியது. நிறுவனத்தின் மீது மத்திய அரசு 640 கோடி ரூபாய் கேட்டுத் தொடுத்த நுகர்வோர் வழக்கும் 2024-இல் தள்ளுபடியானது.

ஐந்து மாதத்தில் திரும்பி வந்ததே, அதை நாம் கவனிக்க வேண்டும். புதிய நிர்வாக இயக்குநர் வந்தார். மீண்டும் வந்துவிட்டோம் என்று விளம்பரம் ஓடியது. இழந்த சந்தையில் பெரும்பகுதி கைக்கு வந்தது. 30,000 டன் எரிந்த பிறகும் நிமிர்ந்து நிற்கப் பணம் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், முன்னால் நின்று பதில் சொல்ல ஒரு முகமும் இருந்தது.

இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

சபரிமலை அரவணைப் பாயசத்தை நாம் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம். மாலை போட்டவர் வீட்டுக்கு டின் வந்தால், தெருவே பங்கு போட்டுக்கொள்ளும். 2023 ஜனவரியில், மகரவிளக்கு சமயத்தில், அந்த அரவணையில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. வழக்கைத் தொடுத்தது, போட்டியில் இருந்த இன்னொரு ஏலக்காய் நிறுவனம். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வில் 14 வகைப் பூச்சிமருந்துகள் வரம்புக்கு மேல் இருப்பதாக அறிக்கை வந்தது. ஜனவரி 11 அன்று நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6.65 லட்சம் டின்கள் கிடங்கில் அடைபட்டன. மறுநாளிலிருந்து ஏலக்காய் போடாத அரவணை தயாரித்து விற்கத் தொடங்கினார்கள்.

கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டு உச்ச நீதிமன்றம் போனது. பாயசத்தையே எடுத்து மறுபடி சோதித்ததில் அது உண்ணத் தகுந்தது என்று முடிவு வந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டது. டின்களின் காலம் முடிந்திருந்தது. அத்தனையையும் அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கே மேல் நீதிமன்றத்தில் வெற்றி. மேகி கடைக்குத் திரும்பியது. ஏலக்காய் போட்ட அந்த அரவணை ஒரு பக்தரின் கைக்கும் போகவில்லை. அதைவிட எனக்கு உறைப்பது இன்னொன்று. ‘ஏலக்காயில் விஷம்’ என்று செய்தி ஓடிய அத்தனை நாளும், அந்த ஏலக்காயை விளைவித்தவர் ஒருவரும் எந்த நீதிமன்றத்திலும் எந்தத் தொலைக்காட்சியிலும் ஒரு வார்த்தை பேசி நான் பார்க்கவில்லை. போர்டு பேசியது, ஏலக்காய் கொடுத்த ஒப்பந்தக்காரர் பேசினார், போட்டியாளர் பேசினார். காயைப் பறித்த கை மட்டும் பேசவில்லை. பேசச் சொன்னாலும் கையில் காட்ட என்ன இருந்தது?

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விற்பனை நடக்கும் விதத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி எடுத்து வியாபாரிகள் முன் வைப்பார்கள். வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். நிறம் பார்ப்பார்; கரும்பச்சையா, வெளுத்திருக்கிறதா என்று. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் எத்தனை காய், எவ்வளவு சிறுசு, எவ்வளவு வெடிப்பு என்று பார்ப்பார். ஒரு லிட்டர் அளவுக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்பது கணக்கு. காயை உரித்து அரிசியைப் பார்ப்பார். பிறகு கம்ப்யூட்டர் திரையில் விலை ஏறும். இத்தனை கண்ணும் கையும் பார்த்தும், காய்த்துளைப்பானுக்கும் பேனுக்கும் கடைசியாக எந்த மருந்து அடித்தது, அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் எடுத்தது என்பது விலையில் வருவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாது, கைக்குப் படாது. விலை பச்சைக்கு, ஆகவே தோட்டத்தில் உழைப்பும் பச்சைக்கு. சிலர் ஸ்டோரில் உலர்த்தும்போது செயற்கை நிறம் ஏற்றிப் பிடிபட்டதும் இந்தப் பச்சை மோகத்தால்தான்.

விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. சந்தை எதைக் கேட்கிறதோ அதைத்தான் தோட்டம் கொடுக்கும். எச்சம் இல்லாத காய்க்கு வழக்கமான ஏலத்தில் தனி விலை கிடையாது. பிறகு சவூதியிலோ வேறெங்கோ துறைமுகத்தில் சரக்குத் திரும்பினால் மட்டும், ‘இந்த மலைக்காரர்கள் மருந்தடித்தே கெடுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு வருகிறது.

கீழே இருப்பவர் மேல் பழியைத் தள்ளுவது பெரிய நிறுவனங்களுக்குப் பழக்கமான வழி. 2003 அக்டோபரில் மும்பையில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததை மகாராஷ்டிர அரசு அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, நிறுவனம் முதலில் சொன்னது கடைக்காரர்கள் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான். அந்தப் பதிலை யாரும் ஏற்கவில்லை. விற்பனை கடுமையாக விழுந்தது. பிறகுதான் யோசித்து உறையை மாற்றினார்கள், அலுமினியத் தாளை ஒட்டி மூடினார்கள், 2004 தொடக்கத்தில் அமிதாப் பச்சனை வைத்து மக்களிடம் பேசினார்கள். பெயர் மீண்டது. முதல் பதிலாகவே உறையை மாற்றுகிறோம் என்று சொல்லியிருந்தால், பெட்டிக் கடைக்காரர் மேல் அந்தச் சொல் விழுந்திருக்காது.

அதே 2003-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பன்னிரண்டு குளிர்பான வகைகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. பெப்சியும் கோக்கும் மறுத்தன. சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைந்து, மறு ஆண்டு அந்த ஆய்வு சரியென்று சொன்னது. அந்தப் பானங்களுக்குள் லிண்டேனும் குளோர்பைரிபாசும் எப்படிப் போயின? நிலத்தடி நீர் வழியாக. எங்கோ ஒரு வயலில் அடித்த மருந்து மழையில் கரைந்து, மண்ணில் இறங்கி, ஆழ்துளைக் கிணற்றில் ஏறி, பாட்டிலுக்குள் வந்து சேர்ந்தது.

நம் மாநிலத்தில் இந்த நிறுவனங்களுக்கு வந்த பெரிய அடி ஆய்வகத்திலிருந்து வரவில்லை. தாமிரபரணியிலிருந்து வந்தது. கங்கைகொண்டான் ஆலைகளுக்கு ஆற்று நீர் கொடுப்பதற்கு எதிராக 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 1 முதல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று முடிவெடுத்தன; மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் எழுந்த குரல் அது. மறுநாளே, மார்ச் 2 அன்று, நீதிமன்றம் தடையை நீக்கியது. சட்டம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஊர்க் கடைக்காரர் அந்தப் பக்கம் நிற்கவில்லை. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ அந்த வாரங்களில் தட்டுப்பாடாகும் அளவுக்கு விற்றது.

சட்டப்படி சரி என்பது பெயரைக் காப்பாற்றப் போதாது என்பதற்கு இன்னோர் உதாரணம், குழந்தை வளர்த்த வீடுகளுக்கெல்லாம் தெரிந்தது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு ஓர் ஆய்வு வெளியிட்டது. இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுகிறது, சுவிட்சர்லாந்தில் விற்பதில் சேர்ப்பதில்லை என்றது. இந்தியச் சட்டத்தின் வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று அதைத் தயாரிக்கும் நெஸ்லே சொன்னது. உண்மைதான். ஆனால் உங்கள் நாட்டுக் குழந்தைக்கு ஒரு நியாயம், என் குழந்தைக்கு ஒரு நியாயமா என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது. அன்று எழுந்த கோபம் நியாயமான கோபம் என்றே நான் கருதுகிறேன்.

அதே ஏப்ரலில்தான் மசாலா விவகாரமும் வெடித்தது. ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் எம்.டி.எச். நிறுவனத்தின் மூன்று பொடிகளிலும் எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலாவிலும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக அறிவித்தது. சிங்கப்பூர் எவரெஸ்ட் பொடியைத் திரும்பப் பெறச் சொன்னது. எம்.டி.எச். பொடிகளில் இரண்டின் பெயர் மெட்ராஸ் கறிப் பொடியும் சாம்பார் மசாலாவும். வட இந்திய நிறுவனம் செய்ததற்கு நம் சமையலின் பெயர் செய்தியில் அடிபட்டது.

எத்திலீன் ஆக்சைடை எந்த விவசாயியும் தோட்டத்தில் தெளிப்பதில்லை. அது ஒரு வாயு. கிருமி கொல்வதற்காக, பொருள் கிடங்குக்கும் ஆலைக்கும் போன பிறகு செலுத்தப்படுவது. அமெரிக்கா ஓர் அளவு வரை அதை அனுமதிக்கிறது. ஐரோப்பா ஏறக்குறைய முழுமையாக மறுக்கிறது. ஆக, ஒரே பொடி ஒரு துறைமுகத்தில் நல்ல பொருள், இன்னொன்றில் விஷம். இதில் போடியிலோ கம்பத்திலோ ஏலக்காயும் மிளகும் விளைவித்தவர் செய்த தவறு எதுவும் இல்லை. ஆனாலும் ‘இந்திய மசாலா’ என்று தலைப்புப் போட்டபோது அத்தனை பேரும் அதற்குள் அடக்கமாகிவிட்டோம். நறுமணப் பொருள் வாரியம் ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும் சரக்குகளுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. சோதனைச் செலவு கடைசியில் யார் விலையில் கழியும் என்று நான் இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதாரம் இல்லாத குற்றச்சாட்டும் இப்படித்தான் கீழே இறங்கும். 2017-இல் அன்றைய பால்வளத் துறை அமைச்சர் கே.டி. ராஜேந்திர பாலாஜி தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். ஹட்சன் உள்ளிட்ட மூன்று நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டன. ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்று உயர் நீதிமன்றம் அமைச்சருக்குத் தடை விதித்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போக முடிந்தது. அந்த வாரம் பால் வேண்டாம் என்று ஒரு வீடு சொல்லியிருந்தால், மாட்டுக்காரம்மா எந்த நீதிமன்றம் போவார்?

நான் சொல்ல வந்தது இதுதான். உணவு நிறுவனத்தின் நற்பெயர் என்று நாம் சொல்வது, விளைவித்தவரின் உழைப்பை நம்பி நிறுவனம் வாங்கிய கடன். நிறுவனத்துக்கு அந்தப் பெயரை மீட்க வழி உண்டு. விளைவித்தவருக்கு இன்றைக்கு இல்லை. அந்த வழியை நாமே உண்டாக்க வேண்டும். நிறுவனங்கள் உண்டாக்கித் தராது.

இதை நான் ஏதோ கனவாகச் சொல்லவில்லை. மகாராஷ்டிரத் திராட்சைக்காரர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 2003-இல் ஐரோப்பாவில் அவர்கள் திராட்சையில் மருந்து எச்சம் பிடிபட்டது. அதன் பிறகு வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அமைப்பான அபீடா, கிரேப்நெட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் பதிவு எண். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எண். அறுப்புக்கு முன் ஆய்வு. ஐரோப்பாவில் ஒரு பெட்டியைத் திறந்தால் அது நாசிக்கில் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று சொல்ல முடியும். அதிலும் ஓட்டை இருந்தது. 2010-இல் குளோர்மெகுவாட், நம் ஆட்கள் சி.சி.சி. என்று சொல்வது, எச்சமாகப் பிடிபட்டு, கன்டெய்னர் கன்டெய்னராகத் திராட்சை தேங்கியது. காரணம் எளியது: சோதிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் அது இல்லை. உடனே பட்டியலில் சேர்த்தார்கள். பெரும் நஷ்டம்தான். ஆனாலும் எண்ணும் பதிவும் இருந்ததால், எந்தத் தோட்டம் தப்பு, எந்தத் தோட்டம் தப்பில்லை என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. ஊரே மொத்தமாகக் கெட்ட பெயர் சுமக்க வேண்டியதில்லை.

நமக்கு 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. ஆண்டு முழுக்க அறுப்பு நடக்கும் திராட்சை இது. முல்லைப் பெரியாறு தண்ணீரும் இந்தக் காற்றும் கொடுத்த வரம். ஆனால் புவிசார் குறியீடு என்பது பொதுப் பெயர். நேற்று வரை ஒரு தோட்டத்துத் திராட்சையில் எச்சம் இருந்தால் அந்தத் தோட்டக்காரரோடு போகும். இனிமேல் ‘கம்பம் திராட்சை’ என்று செய்தி வரும். சுருளிப்பட்டியில் ஒருவர் செய்யும் தவறுக்கு இராயப்பன்பட்டியில் இருப்பவர் விலை கொடுப்பார். குறியீடு வாங்குவதற்கு நாம் காட்டிய உற்சாகத்தில் பாதியை அதைக் காப்பதற்கு இன்னும் காட்டவில்லை என்பது என் வருத்தம்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். தோட்டத்துக்கு ஒரு நோட்டு. தேதி, என்ன மருந்து, எவ்வளவு, எதற்காக, காய் எடுத்த நாள். மயில்துத்தம் போட்டாலும் எழுதுங்கள். மருந்துக் கடை ரசீதைப் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். மருந்துக் கடைக்காரரே வைத்தியராகி, ஒன்றுக்கு மூன்றாக எழுதிக்கொடுத்தால், அதுவும் ரசீதில் பதிவாகட்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கும் ஊர்களில் மாதத்துக்கு ஒரு மாதிரியைப் பொதுச் செலவில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு நல்லதோ கெட்டதோ, கூட்டத்தில் வாசியுங்கள். கெட்ட முடிவை நாமே முதலில் அறிந்தால் அது பாடம். துறைமுகத்தில் அறிந்தால் அது வழக்கு.

வியாபாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஏலத்தில் லாட் எண்ணுக்கும் எடைக்கும் பக்கத்தில், கடைசி மருந்துக்கும் அறுப்புக்கும் இடையே எத்தனை நாள் என்று ஒரு வரி சேர்க்க நறுமணப் பொருள் வாரியத்தை நீங்கள் கேட்க வேண்டும். அந்த வரிக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுங்கள். ஐந்து ரூபாய் கொடுத்தால் நோட்டு எழுதப்படும். கொடுக்காவிட்டால் என்னைப் போன்றவர்கள் எத்தனை சொற்பொழிவு நிகழ்த்தினாலும் எழுதப்படாது.

மாணவர்களே, உங்களில் வேதியியல் படிப்பவர்கள், வணிகவியல் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பந்தலுக்கு இந்த நோட்டை நீங்கள் எழுதிக் கொடுங்கள். அப்பாவுக்குத் தேதி நினைவில்லை என்றால் அம்மாவைக் கேளுங்கள். மருந்தடித்த நாளில் துணி துவைத்தவர் அவர், அவருக்கு நினைவிருக்கும். வருகிற கவாத்தன்றே முதல் வரியை எழுதிவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.